எட்டு இணைப்புகளும் சோதிக்கப்பட்டன

எங்கள் நிறுவனத்து இளையவர்கள் என்னிடம் கேட்டது இரண்டே பக்கம்தான். செப்புக் கம்பித் தொலைபேசி இணைப்புகள் இப்போது ஒவ்வொன்றாக அகற்றப்பட்டு வருகின்றன. அலுவலகக் குரலஞ்சல் கைப்பேசிக்குள் போய்விட்டது. பினாங்கின் ஜார்ஜ் டவுன் அலுவலகங்களில் நாங்கள் பொருத்திய பெட்டிகளில் அநேகமாக எதுவும் மிச்சமில்லை. அந்தக் காலத்தில் எப்படிச் சோதித்தோம் என்று எழுதிக் கொடுத்தால், வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுக்கலாம் என்றார்கள்.

"மணியம் அங்கிள் மாதிரி டெஸ்ட் பண்ணனும்னு எங்க அத்தா சாகறவரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. அத எழுதுங்க அங்கிள்" என்றார் ரஷீத். நான் வேலை பார்த்த நிறுவனத்தை இப்போது நடத்துகிறவர் அவர். அவருடைய தந்தை ஹமீது நானாதான் என் முதலாளி.

இடம் மாறப் போவதால் பழைய கோப்புகளையும் ஒரு பார்வை பார்த்து, வேண்டாதவற்றைக் கழித்துத் தரச் சொன்னார். அப்படிப் பார்த்தபோது என் கையெழுத்தில் ஒரு பாரம், அதாவது நிரப்பிக் கொடுக்கும் சோதனைத் தாள், அகப்பட்டது. அதன் பிறகு அவர் கேட்ட இரண்டு பக்கத்தை என்னால் எழுத முடியவில்லை. எழுத முடிந்தது இதுதான். இதைப் புதியவர்களுக்குக் கொடுப்பதா வேண்டாமா என்று ரஷீத் முடிவு செய்யட்டும்.

நான் ஆங்கிலப் பள்ளியில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பான ஆறாம் படிவம் வரை படித்தவன். பிறகு தொலைபேசித் துறையில் இரண்டு ஆண்டு பயிற்சி, சில ஆண்டுகள் கம்பம் ஏறும் வேலை. அங்கிருந்து விலகி ஹமீது நானாவிடம் சேர்ந்தேன். நிறுவனம் என்று சொன்னாலும் சூலியா தெருவில் ஒரு மாடியறை, நான்கு ஆட்கள், ஒரு வேன், அவ்வளவுதான். அலுவலகங்களுக்குள் தொலைபேசி இணைப்பகம் பொருத்துவது எங்கள் தொழில். தொண்ணூறுகளில் அதோடு குரலஞ்சல் பெட்டியும் சேர்ந்துகொண்டது. ஆள் இல்லாத நேரத்தில் அழைப்பைத் தானே எடுத்து, பேசுகிறவர் பேசுவதைப் பதிந்து வைக்கும் பெட்டி.

பொதுத் தொலைபேசிக் கம்பியில் எதை மாட்டினாலும் அரசு அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற பெட்டியின் பின்பக்கம் எண் போட்ட ஒரு வில்லை ஒட்டியிருக்கும். வில்லை இருப்பது பாதிதான். பொருத்திய இடத்திலேயே சோதித்து, அளந்ததைப் பாரத்தில் நிரப்பி, சோதித்தவர் ஒரு கையெழுத்தும் பொறுப்பாளர் ஒரு கையெழுத்தும் இடவேண்டும். பாரம் பொய் என்று தெரிந்தால் நிறுவனத்தின் பதிவை ரத்து செய்துவிடுவார்கள். அப்படியும் ஊரில் பலர் பாரத்தைக் கோப்பிக் கடையில் உட்கார்ந்து நிரப்பினார்கள். எங்கள் அறையில் அது நடக்காது. காரணம் நானா.

ஹமீது நானா பாரத்தைத் தனியாக வைத்துப் படிக்க மாட்டார். நிரப்பியவனை எதிரே உட்காரவைத்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிப்பார். ஓர் எண்ணைப் படித்ததும் நிறுத்தி, கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பார். மீட்டரில் அளந்ததாக இருந்தால் "பாத்தியா?" என்பார். காதால் கேட்டு எழுதியதாக இருந்தால் "கேட்டியா?" என்பார். நாம் "பாத்தேன் நானா", "கேட்டேன் நானா" என்று சொல்லவேண்டும். எட்டு இணைப்பு என்றால் எட்டுத் தடவை. கடைசி பதிலுக்குப் பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை எதிரே நிற்பது பெரிய பாடு.

ஒருமுறை நகைக்கடை முதலாளி ஒருவர் சிங்கப்பூரிலிருந்து பதிவுப் பெட்டி வாங்கி வந்து மாட்டச் சொன்னார். திருப்பிப் பார்த்தால் வில்லை இல்லை. மாட்டமுடியாது என்று நானா பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

"டேப் ரெக்கார்டர்தானே லா இது! என் கட, என் காசு, என் போன். நீங்க என்னா கவர்மெண்டா?" என்றார் முதலாளி.

"போன் ஒங்களுது மொதலாளி. கம்பி ஊருக்குச் சொந்தம்."

"அப்ப ஊரையே வந்து என் நகைக்கும் காவல் இருக்கச் சொல்லுங்க!"

"அஞ்சு நிமிசம் குடுங்க. உள் லைன்ல மட்டும் மாட்டிக் காட்டறேன். பாத்துட்டு நீங்களே சொல்லுங்க."

ஊர்க் கம்பியைத் தொடாமல், கடைக்குள் ஓடிய இணைப்பில் மட்டும் பெட்டியை மாட்டினார். பிறகு மாடி அறையிலிருந்து கீழே அழைக்கச் சொன்னார். அந்த இணைப்பில் இருந்த இரண்டு தொலைபேசிகளில் ஒன்றுகூட மணி அடிக்கவில்லை. மணிக்கு வரவேண்டிய மின்சாரத்தைப் பெட்டி தின்றுவிட்டது. "இப்ப வாடிக்கக்காரன் அடிக்கிறான் மொதலாளி. ஒங்களுக்குக் கேக்குதா?" என்று மட்டும் கேட்டார் நானா. கொஞ்ச நேரத்தில் எங்களுக்குக் கோப்பி வந்தது.

இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்தவன் நான். விதி எதற்காக இருக்கிறது என்று தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

பீச் ஸ்திரீட்டில் ஒரு கப்பல் முகவர் அலுவலகம், மூன்றாம் மாடியில். எட்டு வெளி இணைப்புகள். ஐந்து புதியவை. மற்ற மூன்றும் பழைய எண்கள், அலுவலகம் தொடங்கிய நாளிலிருந்து கடிதத் தாளில் அச்சாகி வந்தவை. சிங்கப்பூரில் இருந்த தலைமையகம் அழைப்பதும் அந்த மூன்றில்தான்.

வருகிற அழைப்புகளை எடுத்து உள்ளே கொடுத்தவர் புவனேஸ்வரி. எல்லாருக்கும் புவனா. அப்போது இருபத்தாறு வயது இருக்கும். சுங்கை பினாங் அடுக்குமாடியில் தாயோடும் அண்ணன் குடும்பத்தோடும் குடியிருந்தார். ஒருமுறை கேட்ட தொலைபேசி எண்ணை மறக்கமாட்டார். அவருக்கு முன்னால் எட்டுச் சிவப்பு விளக்குகள் வைத்த மேசைப் பெட்டி இருந்தது. எந்த இணைப்பு வேலையில் இருக்கிறதோ அதன் விளக்கு எரியும். அதில் பேசுவது மனிதரா குரலஞ்சல் பெட்டியா என்பதை விளக்கு காட்டாது. அவர் பகல் சாப்பாட்டுக்கு எழுந்து போகும் ஒரு மணி நேரம் அழைப்புகளைக் குரலஞ்சல் எடுக்கவேண்டும். அதற்காகத்தான் எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள்.

இங்கே தொழில் விஷயம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். செய்தி சொன்னவர் போனை வைத்ததும் ஊர் இணைப்பகம் 'டூட் டூட்' என்று ஓர் ஒலி அனுப்பும். பெட்டி அந்த ஒலியின் தாளத்தை அடையாளம் கண்டு இணைப்பை விட்டுவிட வேண்டும். பெட்டி அமெரிக்காவில் செய்தது. அங்கே தாளம் வேறு. நம் தாளத்தை நாம்தான் பெட்டிக்குள் பதியவேண்டும். அதோடு, அப்போது ஊரில் பழைய இணைப்பகமும் புதிய இணைப்பகமும் கலந்திருந்தன. இரண்டின் தாளமும் வேறு வேறு. பெட்டி தாளத்தை அடையாளம் காணாவிட்டால் ஆள் போன பிறகும் அந்த 'டூட் டூட்'டையே செய்தியாக நினைத்துப் பதிந்துகொண்டிருக்கும். அதுவரை இணைப்பு விடுபடாது. அந்த அலுவலகத்தில் சரக்கு விவரங்களை நீளமாகச் சொல்வார்கள் என்று, ஒரு செய்திக்கு ஒரு மணி நேரம் வரை இடம் கேட்டிருந்தார்கள்.

ஆகவே ஒவ்வோர் இணைப்பையும் தனித்தனியாக அழைத்து, இரண்டு சொல் பேசி, வைத்துவிட்டு, எத்தனை விநாடியில் விடுபடுகிறது என்று கேட்டு எழுதவேண்டும். இதுதான் விதி.

அன்று வெள்ளிக்கிழமை. வழக்கமாக என்னோடு வருகிறவர் விடுப்பில் இருந்தார். ஓர் இணைப்பிலிருந்து இன்னொன்றை அழைத்தும் சோதிக்கலாம், ஆனால் ஒரே நேரத்தில் இரண்டு சும்மா இருக்கவேண்டும். அந்த அலுவலகத்தில் அன்று எதுவும் சும்மா இருக்கவில்லை. புவனா எப்படியோ புதிய இணைப்புகளில் இரண்டிரண்டாக எனக்குப் பிடித்துக் கொடுத்தார். முதல் இணைப்பு ஒன்பது விநாடியில் விடுபட்டது. இரண்டாவது பதினொன்று. அதற்குள் மணி நாலரை.

"அண்ணே, அஞ்சு மணிக்கு மேல எல்லா லைனும் ஃப்ரீயாயிரும். நான் இருக்கேன். நீங்க கீழ பப்ளிக் போன்லேருந்து அடிங்க, நான் மேல வாட்ச் பாத்து எழுதறேன். மிச்ச ஆறும் அர மணி நேரத்துல முடிஞ்சிரும்" என்றார் புவனா.

"வேணாம்மா. ரெண்டு பாத்தாச்சில்ல. எல்லாம் அதே மாதிரிதான்."

"அப்பறம் திங்கக்கெழம கோளாறுன்னா என்னைத்தான் திட்டுவாங்க லா."

"ஒன்னும் வராது. வந்தா என் பேரச் சொல்லு."

எனக்கு அப்படி என்ன அவசரம் என்று கேட்பீர்கள். நகர மைதானத்தில் அன்று மாலை கால்பந்தாட்டம். நண்பர்கள் வாசலில் காத்திருப்பதாகச் சொல்லியிருந்தார்கள். வேறு காரணம் கிடையாது.

மாடிப் படியில் உட்கார்ந்து பாரத்தில் மீதி ஆறு இடங்களையும் நிரப்பினேன். பத்து, ஒன்பது, பன்னிரண்டு, பத்து, பதினொன்று, ஒன்பது. எல்லாம் ஒரே எண்ணாக இருந்தால் சந்தேகம் வரும் என்று மாற்றி மாற்றி எழுதினேன். கீழே அச்சடித்திருந்த 'எட்டு இணைப்புகளும் சோதிக்கப்பட்டன' என்ற வரிக்கு எதிரே குறி போட்டேன். இப்போது அந்தப் பாரத்தைப் பார்க்கும்போது பொய்யைவிட அதில் நான் எடுத்துக்கொண்ட கவனம்தான் என்னை அதிகம் கூசவைக்கிறது.

மறுநாள் காலை நானா வாய்விட்டுப் படித்தார். எட்டுத் தடவை "கேட்டியா?" எட்டுத் தடவை "கேட்டேன் நானா." அவர் பேனா மூடியைத் திறந்து கையெழுத்திட்டார்.

மூன்றாவது வாரம் அந்த அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தது. நானா என்னை அனுப்பினார். மாடி ஏறியதும் புவனா நாற்காலியை விட்டு எழுந்தே வந்துவிட்டார்.

"நல்ல வேள வந்தீங்க அண்ணே. அந்தப் பழைய மூனு லைனும் சாப்பாட்டு டைம் முடிஞ்சி வந்தாலும் செவப்பாவே நிக்குது. ரெண்டு ரெண்டரைக்குத்தான் அணையுது. சிங்கப்பூர்லேருந்து அடிச்சா பிஸின்னு வருதாம். பாஸ் வெளிய வந்து பாக்கறாரு, நான் ஹெட்செட்ட போட்டுக்கிட்டு ஒக்காந்திருக்கேன், மூனு லைட்டு எரியுது. 'எவனோட பேசிக்கிட்டு இருக்க'ங்கறாரு!"

"மெசேஜ் எதாச்சும் கேட்டுப் பாத்தியாம்மா?"

"அதத்தான் சொல்ல வரேன். ஆளு பேசி முடிச்சிர்றாரு. அப்பறம் டூட் டூட்னு ஓடிக்கிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது. மெஷின்தான் லைன விட மாட்டேங்குதுன்னு சொன்னா அவரு நம்பல. ஒங்க பேரச் சொல்லியிருக்கேன். நீங்க சொன்னா நம்புவாரு."

கருவி வைத்திருந்த சிற்றறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அந்தச் செய்திகளைக் கேட்டேன். இரண்டாவது விநாடியிலேயே தெரிந்துவிட்டது. பழைய இணைப்பகத்தின் தாளம். நான் சோதிக்காமல் விட்ட ஆறு இணைப்புகளில் மூன்று. சரியான தாளத்தைப் பதிந்து மூன்றையும் அழைத்துப் பார்த்தேன். பத்து விநாடியில் அழகாக விடுபட்டன. எல்லாம் சேர்த்து இருபது நிமிட வேலை.

பெட்டிக்குள் அப்படி நான்கு செய்திகள் இருந்தன. நான்கையும் அழித்தேன். ஒவ்வொன்றுக்கும் 'உறுதியா?' என்று பெட்டி கேட்டது. நான்கு முறையும் ஆம் என்று அழுத்தினேன்.

வெளியே மேலாளர் நின்றிருந்தார். சீனர், கெட்டவர் அல்லர். கையில் எங்கள் பாரத்தின் நகல். பெட்டியில் குறை இருந்ததா என்று ஆங்கிலத்தில் கேட்டார். இல்லை என்றேன். வேலைத் தாளிலும் குறை எதுவும் காணப்படவில்லை என்று எழுதிக் கொடுத்தேன்.

"அண்ணே?" என்றார் புவனா.

நான் பெட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"அந்த மெசேஜ பாஸுக்குப் போட்டுக் காட்டுங்கண்ணே."

"அப்படி மெசேஜ் எதுவும் இல்லம்மா."

அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். திட்டவில்லை. அழவும் இல்லை.

மேலாளருக்கு முழுத் திருப்தி இல்லை போலிருக்கிறது. நானாவைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார். அன்று மாலை நானா என்னை எதிரே உட்காரவைத்தார். பாரத்தை எடுக்கவில்லை. "எட்டையும் கேட்டியா மணியம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். "கேட்டேன் நானா" என்றேன். மறுநாள் அவரே பீச் ஸ்திரீட்டுக்குப் போய், என் ஆள் சோதித்த வேலைக்கு நான் பொறுப்பு என்று மேலாளரிடம் சொல்லிவிட்டு வந்தார். வாழ்நாளில் தெரிந்து பொய் சொல்லாத அந்த மனிதரின் வாக்கை ஒரு பெண்ணுக்கு எதிரான சாட்சியாக நான் ஆக்கினேன்.

அதைவிடப் பெரிய சாட்சி இன்னொன்று இருந்தது. நான் சரிசெய்துவிட்டதால் அதன் பிறகு அந்த விளக்குகள் வேளை தவறி எரியவில்லை. பிடிபட்டதும் நிறுத்திக்கொண்டாள் என்று அலுவலகமே பேசியது. வெளியிலிருந்து வரும் அழைப்புக்குக் கட்டணச் சீட்டு வராது, ஆகவே யார் எவ்வளவு நேரம் பேசினார் என்பதற்கு எந்தக் கணக்கும் இல்லை. இருந்தது ஒரே காகிதம். எட்டு இணைப்புகளும் சோதிக்கப்பட்டன என்று சொல்லும் பாரம். அதைப் புவனாவின் மேசை மேல் வைத்து, நீங்களே விலகுவதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால் நல்லது என்று சொல்லியிருக்கிறார் மேலாளர்.

புவனாவின் அண்ணன் கோவிந்தன் லோரி ஓட்டுநர். சரக்குக் காகிதங்களை வாங்க அந்த அலுவலகத்துக்கு அடிக்கடி வருகிறவர். புவனா போன அடுத்த வாரம் அங்கே இன்னொரு கருவிக்காக நான் போயிருந்தபோது, காகிதம் கொடுக்கும் எழுத்தர் அவரிடம் சிரித்துக்கொண்டே சொன்னதை நான் காதால் கேட்டேன்.

"ஓய் கோவிந்து, ஒன் தங்கச்சிக்கு மூனு லைன் கூடப் பத்தலயாமே லா! மாப்பிள யாரு, எங்களுக்கும் சொல்லு!"

கோவிந்தன் காகிதங்களை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். நான் அவருக்குப் பின்னாலேயே இறங்கினேன். மூன்று மாடி. கூப்பிட்டிருந்தால் திரும்பியிருப்பார். கூப்பிடவில்லை.

உண்மையைச் சொன்னால் பதிவு போகும், நான்கு குடும்பங்களின் வேலை போகும், நானாவின் கையெழுத்தும் அதில் இருக்கிறது என்று பிற்பாடு எனக்கு நானே பல ஆண்டுகள் சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஆனால் சிற்றறைக்குள் அந்தச் செய்திகளை அழித்தபோது இவற்றில் ஒன்றும் என் மனத்தில் இல்லை. மணியம் பொய்ப் பாரம் எழுதினான் என்று நானாவுக்குத் தெரிந்துவிடுமே என்பது மட்டும்தான் இருந்தது.

அதற்குப் பிறகு நான் எந்த இணைப்பையும் இரண்டு தடவைக்குக் குறைவாகச் சோதித்ததில்லை. நாற்பது இணைப்பு என்றால் எண்பது தடவை. வாடிக்கையாளர்கள் சலித்துக்கொள்வார்கள், நானா பெருமைப்படுவார். இளையவர்கள் என்னிடம் எழுதச் சொன்ன அந்தப் பேரும் புகழும் இப்படி வந்ததுதான். நானா இறக்கும்வரை அவரிடம் சொல்ல எனக்கு இருபது ஆண்டுகளுக்கு மேல் அவகாசம் இருந்தது. கடைசியாகப் பார்க்கப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒன் பாரத்த மட்டும் படிக்காமயே கையெழுத்துப் போடலாம்னு தோனும் மணியம். ஆனாலும் படிப்பேன்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன்.

புவனா எங்கே இருக்கிறார் என்பது எனக்கு எப்போதும் தெரியும். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் தனியாகக் குடியிருந்து ரவிக்கை தைத்துக் கொடுக்கிறார் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். என் மனைவிக்கு ஆயர் ஈத்தாம் பசார் பிடிக்கும். காடி நிறுத்த இடம் கிடைக்காது என்று சொல்லியே அந்தப் பக்கம் போகாமல் முப்பது ஆண்டு ஓட்டினேன்.

போன மாதம் ஒரு காலையில் போனேன். கதவு திறந்தே இருந்தது. தையல் இயந்திரத்துக்குப் பின்னாலிருந்து ஒரு நரைத்த தலை நிமிர்ந்தது.

"புவனா… நான் மணியம். டெலிபோன்…"

"தெரியுது. முடிதான் கொட்டிப்போச்சி. முழி அதே முழி. வாங்க."

உட்காரச் சொன்னார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். படியில் உட்கார்ந்து எழுதிய ஆறு எண்கள், அழித்த நான்கு செய்திகள், நானாவிடம் சொன்ன பொய். அவர் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே கேட்டார். ஊசி ஒரு தடவைகூட நிற்கவில்லை.

"முடிஞ்சிச்சா?"

"முடிஞ்சிச்சி."

"எனக்குத் தெரியாத ஒன்னையும் நீங்க சொல்லல. அந்த ரூம்லேருந்து நீங்க வெளிய வந்தப்பவே எனக்குத் தெரியும்." நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "வேல போனதுகூட சரி. ரெண்டு மாசத்துல வேற கெடச்சிச்சி. எங்கண்ணன் என் மூஞ்சில முழிச்சி முப்பது வருசமாச்சி. என்னச் சித்தி வீட்டுக்குத் தொரத்திட்டு அம்மாவத் தன்னோட வெச்சிக்கிட்டான். இப்ப அக்கரைல, பத்து காவான்ங்கற ஊர்ல வீடு. அம்மா செத்ததே எனக்கு மூனாம் நாளுதான் தெரியும். அதுவும் அந்தப் பேச்ச நம்பித்தான் செத்துச்சி. ஒரு தடவகூட என்னக் கூப்பிடல."

"என்ன மன்னி…"

"அத நீங்களே வெச்சிக்குங்க. போன் இருக்கா?"

எடுத்துக் காட்டினேன்.

"என் நம்பரப் பாத்தா எடுக்க மாட்டான். ஒங்களுதுலேருந்து அடிங்க. எனக்குச் சொன்னத அவனுக்குச் சொல்லுங்க." எண்ணை ஒரு மூச்சில் சொன்னார். பிறகு எழுந்து சமையற்கட்டுக்குள் போய், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தொட்டியருகே நின்றார். வாளியில் ஓடிக்கொண்டிருந்த குழாயை மூடினார்.

கோவிந்தன் நாலாவது மணியில் எடுத்தார். யாரென்று சொன்னேன். நடந்ததைச் சொன்னேன். ஓர் இடத்திலும் அவர் குறுக்கிடவில்லை. முடித்த பிறகும் இணைப்பில் இருந்தார், மூச்சு கேட்டது.

"அவ சொல்லச் சொன்னாளா?" என்றார் கடைசியில்.

"ஆமாங்க, ஒங்ககிட்டயும் சொல்லச் சொன்னாங்க. ஆனா அவங்கள நானேதான் தேடி வந்தேன். நம்பரும் அவங்கதான் குடுத்தாங்க."

பிறகு மெதுவாகப் பேசினார். "எங்கம்மா கடைசியா ரெண்டு நாளு அவளையே கேட்டுக்கிட்டுக் கெடந்துச்சி. 'புவனாவக் கூப்புடுடா, அது அப்படியாப்பட்ட புள்ள இல்லடா'ன்னிச்சி. நான்தான் கூப்புடல." பிறகு, "நீ அப்பவே சொல்லியிருக்கலாம்லடா" என்றார். இணைப்பு அறுந்தது.

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அப்படியே நின்றேன். யோசித்துக் கூப்பிடுகிறேன் என்று கோவிந்தன் சொன்னதாக நான் சொல்லியிருக்கலாம். புவனா அதை நம்பியிருப்பார் என்றுகூடத் தோன்றியது. தாய் அழைத்து அழைத்துப் பார்த்துவிட்டு மகளைக் காணாமலே போனார் என்பதை நான் சொன்னால், என் கணக்கில் இதுவரை இல்லாத ஒரு குற்றம் சேரும். இந்த வீட்டில் அந்த வலி புதிதாக வந்து உட்காரும்.

"என்னா சொன்னான்?" என்றார் புவனா, திரும்பாமல்.

"கட் பண்ணிட்டார். கூப்பிடறேன்னு சொல்லல." பிறகு மற்றதையும் சொன்னேன், அவர் சொன்னது சொன்னபடி.

புவனா தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அம்மா என்னா சொன்னிச்சாம்?"

"'புவனாவக் கூப்புடுடா, அது அப்படியாப்பட்ட புள்ள இல்லடா.'"

போய்விடுவதே நல்லது என்று நினைத்து நான் கதவுப் பக்கம் நகர்ந்தேன்.

"எங்க போறீங்க, நில்லுங்க" என்றார். "இன்னொரு தடவ சொல்லுங்க."